ஒரு கண்ணாடியை மட்டும் இறக்கினால் கார் ஏன் முழங்குகிறது?

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நான்கு வழிச் சாலையில், ஆடி மாதத்து மேல்காற்று வரட்டும் என்று ஏசியை நிறுத்திவிட்டு, பின் இருக்கையில் இருப்பவர் தம் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்குகிறார் என்று கொள்வோம். துவாக்குடியைத் தாண்டி வேகம் 70 கிலோமீட்டரை எட்டும்போது, காற்றோடு சேர்ந்து காதை அடைக்கும் ஒரு ‘தொப் தொப்’ முழக்கமும் உள்ளே வந்துவிடுகிறது. கண்ணாடியை ஏற்றினால் அது நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்பக்க முன் கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கினாலும் அது பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதுதான் விந்தை.

திருவையாற்றில் காவிரி நிறைந்து ஓடும் நாளில் படித்துறையின் ஓரத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் முதற்பாதி எளிதில் விளங்கும். விரைந்தோடும் நீரும் படியோரத்தில் தேங்கிய நீரும் உரசும் எல்லை நேர்கோடாக நிற்பதில்லை. அது சுருண்டு, வரிசையாகச் சுழிகளாக உடைந்து நகர்கிறது. காரின் ஜன்னலிலும் இதுவே நிகழ்கிறது. வெளிக்காற்று விரைகிறது, உட்காற்று நிற்கிறது. இரண்டுக்கும் இடையே ஜன்னலின் முன்விளிம்பில் பிறக்கும் சுழிகள் பின்விளிம்பில் போய் மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் ஓர் அழுத்த அலை உள்ளே பாய்கிறது.

இவ்வளவுதான் என்றால் வெறும் இரைச்சல் கேட்டிருக்கும், அவ்வளவே. மீதிப்பாதியைக் காருக்குள் அடைபட்டிருக்கும் காற்று செய்கிறது. அது ஒரு சுருள்வில்லைப் போன்றது: அமுக்கினால் திருப்பித் தள்ளும். ஜன்னல் வாயில் இருக்கும் காற்று அந்த வில்லின்மேல் வைத்த எடையைப் போல உள்ளும் புறமும் ஆடுகிறது. காற்று அடைபட்ட, வாயுள்ள இத்தகைய கலங்களைக் கொண்டு ஒலிகளைப் பிரித்தறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸின் (1821–1894) பெயரையே இந்த ஒத்ததிர்வு, அதாவது தனக்கே உரிய தாளத்தில் தள்ளும்போது ஆட்டம் பெருகுவது, பெற்றிருக்கிறது. வெற்று சோடாப் புட்டியின் வாயில் குறுக்காக ஊதினால் எழும் ஒலியும் இவ்வகையே. புட்டி சிறியதாகையால் ஒலி நன்றாகக் கேட்கிறது. காரின் உள்வெளியோ ஏறத்தாழ மூன்று கன மீட்டர். கலம் பெரிதாகப் பெரிதாக அதிர்வெண் தாழும் என்பதால், காருக்குள் அது நொடிக்கு 20 முறையை ஒட்டி அமைகிறது. தவிலின் தொப்பிப் பக்கத்து ஒலியைவிட மிகவும் தாழ்ந்த இதைக் காது ஓசையாகக் கேட்பதைவிட அழுத்தமாகவே உணர்கிறது.

வேகம் ஏன் முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர். சுழிகள் அதில் ஏறத்தாழ பாதி வேகத்தில் நகர்கின்றன. ஜன்னல் திறப்பின் நீளம் அரை மீட்டர் என்றால், ஒரு சுழி அதைக் கடக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அதாவது நொடிக்கு 20 மோதல்கள். இரண்டு எண்களும் ஒன்றை ஒன்று நெருங்கும்போது உட்காற்றின் ஆட்டம் அடுத்த சுழியைத் தக்க நேரத்தில் பிறப்பிக்க, அந்தச் சுழி ஆட்டத்தை மேலும் வளர்க்கிறது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ஊர் ஊராக நுழைந்து மெதுவாகச் செல்லும்போது இத்தொல்லை தலைகாட்டாததற்கு இதுவே காரணம்.

முன் ஜன்னலில் இது குறைவு; அங்கே ஜன்னலுக்கு முன்னுள்ள தூணும், பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் பக்கவாட்டுக் கண்ணாடியும் காற்றோட்டத்தை முன்பே கலைத்துவிடுகின்றன. பழைய கார்களை ஓட்டிப் பழகியவர்கள் ‘அந்தக் காலத்து வண்டியில் இப்படி இல்லையே’ என்று சொல்வதிலும் உண்மை இருக்கிறது: இடுக்குகள் வழியே காற்று கசியும் வண்டியில் வில் இறுகுவதில்லை. இன்றைய கார்கள் இறுக்கமாக அடைக்கப்பட்டவை. அவற்றின் வழவழப்பான உடல்மேல் காற்று குலையாமல் வருவதால் சுழிகளும் ஒழுங்காகவே பிறக்கின்றன.

எதிர்ப்பக்கக் கண்ணாடியை இறக்கும்போது நாம் செய்வது அந்தப் பழைய கசிவை மீட்பதுதான். அழுத்தம் வெளியேற வழி கிடைக்கிறது. உட்காற்றின் அதிர்வெண்ணும் உயர்ந்து சுழிகளின் தாளத்திலிருந்து விலகிவிடுகிறது. இருபுறமும் எல்லா ஜன்னல்களும் திறந்திருக்கும் நம் டவுன் பஸ்ஸில் எத்தனை காற்றடித்தாலும் காது அடைக்காததும் இதனால்தான்.