மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த கருவி: உரிமை யாருக்கு?

டீனும் பதிவாளரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தை மட்டும் நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். கண்டுபிடிப்பின் உரிமை பற்றி அதில் பெரும்பாலும் 'பின்னர் பேசி முடிவு செய்யப்படும்' என்ற ஒரு வரிதான் இருக்கும். பேசும் நாள் வரும்போது யோசனை சொன்ன டாக்டரையும் கருவியைச் செய்த மாணவரையும் யாரும் கூப்பிடுவதில்லை.

அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் உரிமை யாருக்கு என்று சொல்ல இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 2008-இல் வந்த மசோதா சட்டமாகவே இல்லை. இருப்பது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமை (பேடன்ட்) சட்டமும் நீங்கள் கையெழுத்திட்ட தாள்களும்தான்.

அந்தச் சட்டத்தின் 50-ஆவது பிரிவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் இணை உரிமையாளர்களுக்குச் சம பங்கு. ஒவ்வொருவரும் தாமே கருவியைச் செய்து விற்கலாம், மற்றவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுக்க எல்லோருடைய சம்மதமும் வேண்டும். மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ தொழிற்சாலை நடத்துவதில்லை; உரிமம் கொடுக்காமல் கருவி வெளியே வராது. ஒரு மேசையில் கோப்பு தூங்கினாலும் எல்லாம் நின்றுவிடும். ஆகவே தனித் திட்ட ஒப்பந்தம் போடுங்கள். பங்கு எவ்வளவு, உரிமம் பேசுவது யார், விண்ணப்பச் செலவு யாருடையது, எத்தனை நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்வது: நான்கும் அதில் இருக்கட்டும். உரிமம் வழங்கக் கையெழுத்திடும் அதிகாரம் டீனுக்கு உண்டா என்பதையும் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் இயக்குநரகம், தலைமைச் செயலகம் என்று அலைய வேண்டியதுதான்.

மாணவர் ஊழியர் அல்ல. வந்துபோகும் கன்சல்டன்ட்டும் பெரும்பாலும் ஊழியர் அல்ல. அவர்கள் உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் நிறுவனம் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியும். அந்தச் சான்றை விண்ணப்பத்தோடு கொடுக்காவிட்டால் 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குள் மாணவர் படிப்பை முடித்து எங்கோ போயிருப்பார். மாணவர்களுக்கு ஒன்று: ராயல்டி பங்கு எழுத்தில் வராமல் கையெழுத்திடாதீர்கள். உரிமையை எழுதிக் கொடுத்தாலும் கண்டுபிடிப்பாளர் என்ற பெயர் உங்களுடையதே. விண்ணப்பத்தில் உங்கள் பெயரை விட்டிருந்தால் காப்புரிமை வழங்கப்படும் முன்பே படிவம் 8 போடுங்கள்.

மாநாட்டில் போஸ்டர் ஒட்டுவதற்கு முன் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போட்டாக வேண்டும்; முதலில் வெளியே சொல்லிவிட்டால் கண்டுபிடிப்பு புதியது என்ற தகுதி போய்விடும். வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க 31-ஆவது பிரிவு தரும் 12 மாதச் சலுகை மிகக் குறுகியது, அதை நம்பி இறங்க வேண்டாம். தற்காலிக விண்ணப்பத்துக்குப் பின், கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம். பரிசீலனை கேட்கும் படிவம் 18-க்கு, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதம். அது தவறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும், யாரும் நினைவூட்டமாட்டார்கள். சிகிச்சை முறைக்குக் காப்புரிமை கிடையாது, பிரிவு 3(ஐ) தடுக்கிறது. கருவிக்குக் கேளுங்கள்.

கல்வி நிறுவனத்துக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், மற்றவர்களுக்கு 8,000. இந்தக் கட்டணச் சலுகைக்குப் படிவம் 28 வேண்டும். பெரிய தனியார் மருத்துவமனை இணை விண்ணப்பதாரராக நுழைந்தால் சலுகை போய்விடும்.

நோயாளியிடம் சோதிக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் மட்டும் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. இதே போன்ற கருவி இந்தியாவில் ஏற்கெனவே அனுமதி பெறாத புதிய கருவி என்றால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் எம்டி-22 படிவத்தில் விண்ணப்பித்து அனுமதியும் வாங்க வேண்டும். நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில், பின்னாளில் இது வணிகமாகலாம் என்ற வரி இருக்கட்டும். அது இல்லாமல் சேகரித்த ரத்த மாதிரிகளையும் தரவுகளையும் கம்பெனியிடம் கொடுக்கப்போனால் நெறிமுறைக் குழு நிறுத்திவிடும். பழைய நோயாளிகளை ஒவ்வொருவராகத் தேடிப் போக வேண்டியிருக்கும்.