சோயா வேரில் நடக்கும் சண்டை: ஒரே துண்டு, ஒன்பது பிரதிகள்

அமெரிக்காவில் சோயா பயிரிடுகிறவர்களைப் பல பத்தாண்டுகளாகப் படுத்தி எடுப்பது வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு. அங்கே 1954-இல் வட கரோலினாவில்தான் முதலில் தென்பட்டது. பெண் புழு வேருக்குள் பல செல்களை ஒன்றாக்கி, தனக்கு உணவு தரும் இடமாக மாற்றிக்கொள்ளும். செத்த பிறகு அதன் உடலே நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கும் கூடாகி, மண்ணில் பல வருடம் கிடக்கும். அதனால் எதிர்ப்பு ரகம்தான் முக்கிய ஆயுதம்.

சீனாவிலிருந்து வந்த ‘பீகிங்’ என்ற கறுப்பு விதை ரகத்தில் அந்த எதிர்ப்பு இருந்தது. ஆனால் 3 ஒடுங்கு மரபணுக்களும் (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுபவை) ஒரு ஓங்கு மரபணுவும் (ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது) சேர்ந்தால்தான் அது முழுமையாக வரும் என்று 1960-களில் தெரிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு ஒடுங்கு மரபணுவுக்கும் வாய்ப்பு 1/4, ஓங்கு மரபணுவுக்கு 3/4, ஆக பீகிங்கை எதிர்ப்பில்லாத ரகத்தோடு கலந்தால் இரண்டாம் தலைமுறையில் 256 செடிக்கு 3 செடிதான் தேறும். அப்புறம் அந்த ஓங்கு மரபணு, அதாவது ஆர்எச்ஜி4, விதைத்தோலின் நிறத்தை முடிவு செய்யும் மரபணுவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. எதிர்ப்பைப் புது ரகத்துக்குக் கொண்டுவந்தால் கறுப்பும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். மஞ்சள் விதையில் எதிர்ப்பைக் கொண்டுவந்தவர்களின் பொறுமை சாதாரணமானதல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது 2012-இல் வெளிவந்த விஷயம். அந்த மூன்று ஒடுங்கு மரபணுக்களில் ஒன்றாகக் கருதப்பட்ட, 18-ஆவது குரோமோசோமில் உள்ள ஆர்எச்ஜி1 தனி மரபணு அல்ல. சுமார் 31,000 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) நீளமுள்ள ஒரு துண்டு. நோய்க்கு ஆளாகும் ரகத்தில் அது ஒருமுறைதான் இருக்கும், பீகிங்கில் 3 முறை, எதிர்ப்புக்கு இன்னொரு மூலமான ‘பிஐ 88788’ என்ற சோயா ரகத்தில் 9 முறை! பிரதிகள் வரிசையாக ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் மொத்தமாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. துண்டிலுள்ள 3 மரபணுக்களில் எதை அடக்கினாலும் எதிர்ப்பு குறைகிறது. ஒன்றின் செயல்பாட்டை மட்டும் கூட்டினால் பலனில்லை, மூன்றையும் சேர்த்துக் கூட்டினால்தான் பலன். அதில் ஒன்று உருவாக்கும் ஆல்ஃபா-ஸ்நாப் புரதத்தின் மாறிய வடிவம், புழு உணவெடுக்கும் அந்தச் செல்களிலேயே குவிந்து அவற்றைக் கெடுக்கிறது. புழு பட்டினி கிடக்கிறது.

9 பிரதி இருந்தால் ஆர்எச்ஜி4 இல்லாமலே வேலை நடக்கும், பீகிங் வகைக்கு இரண்டும் தேவை. சுலபமானதையே எல்லோரும் எடுத்ததால் அமெரிக்காவின் எதிர்ப்பு ரகங்களில் மிகப் பெரும்பாலானவை பிஐ 88788 வழி வந்தவை. அதைச் சமாளிக்கும் புழுக்கள் இப்போது பல வயல்களில் பெருகிவிட்டன. அங்கே விதை வாங்குகிறவர் எதிர்ப்பு உண்டா என்று கேட்டால் போதாது, எந்த மூலம் என்றும் கேட்க வேண்டும்.