அதே வார்த்தை, வேறு வாய்: கால்பந்து மைதானத்தில் யார் திட்டினால் குற்றம்?

2023 ஆகஸ்ட் 20, சிட்னி. பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஸ்பெயினின் ஜென்னி எர்மோசோ அடித்த பெனால்டியைப் பிடித்துவிட்டு எழுந்த இங்கிலாந்து கோல்கீப்பர் மேரி ஏர்ப்ஸ் கத்திய வார்த்தையை அச்சில் ஏற்ற முடியாது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவர் உதட்டசைவிலேயே அதைப் படித்துவிட்டார்கள். நடுவர் அட்டை எதுவும் காட்டவில்லை.

2011 ஏப்ரலில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக மூன்று கோல் அடித்த மான்செஸ்டர் யுனைடெட் வீரர் வெய்ன் ரூனி, தொலைக்காட்சி கேமராவுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் அதே ரக வார்த்தையைச் சொன்னார். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அவருக்கு 2 ஆட்டத் தடை விதித்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, ‘ஆணுக்குத் தண்டனை, பெண்ணுக்குச் சலுகையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ‘ரூனிக்காவது ஆவேசம் என்று சொல்லலாம், ஒரு பெண் இப்படிப் பேசலாமா?’ என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு கேள்வியும் தவறான இடத்தில் கை வைக்கின்றன. ஒருவர் கேமரா வழியாகப் பார்வையாளர்களை நோக்கியே பேசினார். மற்றவர் வெடித்துக் கத்தினார், அவ்வளவுதான். வார்த்தை எந்தத் திசையில் போனது என்பதில்தான் வித்தியாசம்.

ஆட்டச் சட்டங்களை வகுக்கும் ஐஃபாப் அமைப்பின் 12-ஆம் விதியைப் படித்தவர்களுக்கு இது தெரியும். அதன் அட்டைப் பட்டியலில் ‘கெட்ட வார்த்தை’ என்று தனியாக ஒரு குற்றம் கிடையாது. புண்படுத்தும், அவமதிக்கும், இழிவுபடுத்தும் பேச்சு அல்லது செய்கை என்றால் சிவப்பு அட்டை. நடுவர் முடிவை எதிர்த்து வாயாலோ கையாலோ ஆட்சேபம் காட்டினால் மஞ்சள். இதற்காக ஆட்டத்தை நிறுத்தினால் மறுபடி தொடங்குவது மறைமுக ஃப்ரீ கிக்கில், அதாவது நேராகக் கோல் அடிக்க முடியாத உதையில். 2019-20 பருவத்திலிருந்து கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளருக்கும் அட்டை உண்டு. ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று விதி எங்கும் சொல்லவில்லை. பிசகு நம் காதில் நடக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஆண்கள் ஆட்டத்தில் வசவு மழைச் சத்தம் மாதிரி விழுந்துகொண்டே இருக்கும். பத்தாவது நிமிடத்துக்குள் நடுவரின் காது அதற்குப் பழகிவிடும். பெண்கள் ஆட்டத்தில் அதே வார்த்தை எதிர்பாராமல் விழுவதால் உரக்கக் கேட்கிறது. உரக்கக் கேட்பது பெரிய குற்றமாகப் படுகிறது. ஆண்களிடம் மூன்று முறை ‘பார்த்துப் பேசு’ என்று சொல்லிவிட்டு நான்காவது முறை அட்டையை எடுக்கும் அதே நடுவர், பெண்ணிடம் முதல் முறையே எடுத்துவிடுகிறார். இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு: ‘பெண்கள் ஆட்டம்தானே’ என்று சிரித்து விட்டுவிடுவது. அங்கே எதிரணி வீராங்கனை நிஜமாகவே இழிவுபடுத்தப்பட்டிருப்பார்; அவருக்கு நியாயம் கிடைக்காமல் போகும்.

கூப்பிடும் முறையையும் கவனியுங்கள். ஆண் வீரரை ‘நம்பர் 6, இங்கே வா’ என்பவர், பெண் வீரரிடம் ‘என்னம்மா, பொம்பளப் பிள்ளை இப்படிப் பேசலாமா?’ என்று பெரியப்பா ஆகிவிடுகிறார். அந்த நொடியில் ஆட்ட விதி போய் குடும்ப விதி வந்துவிட்டது. சட்டை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள், கேப்டனை அழையுங்கள், என்ன குற்றம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். இருபாலருக்கும் அதுவே போதும்.

வார்த்தை காதில் விழுந்ததும் மூன்று கேள்விகளை இந்த வரிசையிலேயே கேட்டுக்கொள்ளும் பழக்கம் நடுவருக்கு வேண்டும். யாரை நோக்கி? எத்தனை பேர் காதில்? எதைப் பற்றி?

முதல் கேள்வியிலேயே பாதி விஷயம் தீர்ந்துவிடும். கணுக்காலில் அடிபட்டவர் வலியில் கத்துவதும், காலி கோலைத் தவறவிட்டவர் தன்னைத் தானே திட்டிக்கொள்வதும் யாரையும் நோக்கியவை அல்ல. வலிக்கும்போது திட்டுவது வெறும் வாய்க்கொழுப்பும் அல்ல. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், பனிக்கட்டி போன்ற குளிர்ந்த நீரில் கையை வைத்திருந்தவர்கள், சாதாரணச் சொல்லைச் சொன்னபோது தாங்கியதைவிடத் திட்டியபோது அதிக நேரம் தாங்கினார்கள். ஆண்கள், பெண்கள் இரு சாராரும் அதில் இருந்தார்கள். இந்த இடத்தில் பெண்ணுக்கு மட்டும் ‘வாயை அடக்கு’ என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. சத்தம் அதிகமாக இருந்து, கோட்டோரம் சிறுவர்கள் நின்றால், இருபாலருக்கும் ஒரே மாதிரி ஓர் எச்சரிக்கை போதும்.

இரண்டாவது கேள்வி அளவைப் பற்றியது. இரண்டு மீட்டர் தூரத்தில் முணுமுணுத்தது நடுவருக்கு மட்டும் கேட்டதா, இரண்டு அணிகளின் மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கும் கேட்டதா? எல்லோருக்கும் கேட்டதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்த அரை மணி நேரம் ஆட்டம் கையை விட்டுப் போகும். நடுவரை நோக்கிய புலம்பல் வேறு, வசை வேறு என்பதையும் இங்கேயே பிரித்துவிட வேண்டும். இங்கிலாந்தில் கீழ்மட்டக் கால்பந்தில் 2019-20 முதல், ஆட்சேபத்துக்காக மஞ்சள் வாங்கியவர் 90 நிமிட ஆட்டத்தில் 10 நிமிடம் வெளியே உட்காரவேண்டும். சூடு தணிய அது நல்ல வழி. வசைக்கு அது மருந்தல்ல, அதற்குச் சிவப்புதான்.

மூன்றாவது கேள்விதான் கனமானது. ஆணும் ஆணும் சண்டை போடும்போது நாம் புழங்கும் வசவுகளை எண்ணிப் பாருங்கள். எதிரில் நிற்பவனைத் திட்ட அவன் அம்மாவை இழுக்கிறோம், அக்காவை இழுக்கிறோம், இல்லாவிட்டால் அவனையே ‘பொம்பள’ என்கிறோம். மைதானத்தில் ஒரு பெண்ணும் இல்லாதபோதுகூட அடி விழுவது பெண் மீதுதான். ‘பெண்கள் இருக்கிறார்கள், வார்த்தையை அளந்து பேசு’ என்ற கண்டிப்பு ஏன் போதாது என்பதற்கு இதுவே பதில். பெண் போனபின் அந்த வார்த்தை சரியாகிவிடுமா? ஃபிஃபாவின் 2019 ஒழுங்கு விதித்தொகுப்பு ஒருவரின் கண்ணியத்தை இனம், நிறம் காரணமாகப் புண்படுத்துவதோடு பாலினம் காரணமாகப் புண்படுத்துவதையும் ஒரே பட்டியலில் சேர்த்து, குறைந்தது 10 ஆட்டத் தடை என்றது. ஆனால் இன வசையைக் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தும் கை, ‘பொம்பள மாதிரி ஆடுறான்’ என்பதைக் கேட்டால் விசிலுக்குப் போவதேயில்லை. அதை வசை என்றே நாம் எண்ணுவதில்லை.

கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் பெண்ணை இழிவுபடுத்த முடியும் என்பதற்கு 2011 ஜனவரி 22-ஆம் தேதி வுல்வ்ஸ், லிவர்பூல் ஆட்டமே சாட்சி. துணை நடுவராக நின்ற சியான் மாஸி ஒரு கோலுக்கு ஆஃப்சைடு கொடி தூக்கவில்லை. அவர் முடிவு சரி என்று ரீப்ளே காட்டியது. அதே நாளில், ஒளிபரப்பாகாத நேரத்தில், தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சிக்காரர்கள் இருவர் ‘பெண்ணுக்கு ஆஃப்சைடு எங்கே தெரியும்’ என்ற ரீதியில் பேசியது மைக்கில் பதிவாகி வெளியே வந்தது. வேறு பதிவுகளும் தொடர்ந்து வர, ஒருவர் நீக்கப்பட்டார், மற்றவர் ராஜினாமா செய்தார். கெட்ட வார்த்தைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு மட்டும் கண்காணித்தால் இந்தப் பேச்சு சிக்கியே இருக்காது.

இனி அறிக்கை. இரட்டை அளவுகோல் எழுத்தில் அகப்படுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ஒரே குற்றத்துக்கு எழுதப்படும் இரண்டு வாக்கியங்கள்:

‘8-ஆம் எண் வீரர் ஆத்திரத்தில் வார்த்தையை விட்டுவிட்டார்.’

‘8-ஆம் எண் வீராங்கனை ஒரு பெண் என்பதையும் மறந்து வாய் கூசாமல் பேசினார்.’

முதல் வாக்கியத்தில் வார்த்தை தானாக நழுவி விழுகிறது, குற்றவாளி ஆத்திரம். இரண்டாவதில் அவருடைய குணமே குற்றவாளி. இரண்டிலும் சொன்ன வார்த்தை என்ன என்பது மட்டும் இல்லை. ஒழுங்குக் குழுவில் இதைப் படிப்பவருக்கு ‘ஆத்திரம்’ இரக்கத்தை உண்டாக்கும், ‘வாய் கூசாமல்’ கோபத்தை உண்டாக்கும். தண்டனை அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. எழுதவேண்டிய முறை இது:

‘34-ஆவது நிமிடம். ஃபவுல் கொடுக்காததற்காக 8-ஆம் எண் ஆட்டக்காரர் சுமார் 10 மீட்டர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து, “கண்ணு தெரியாத நாயே, காசு வாங்கிட்டியா” என்று கத்தினார். இரண்டு பெஞ்சுக்கும் கேட்டது. சிவப்பு அட்டை காட்டினேன். வேறு எதுவும் சொல்லாமல் வெளியேறினார்.’

நிமிடம், தூரம், யாரைப் பார்த்து, சொன்ன வார்த்தை அப்படியே, யாருக்குக் கேட்டது, அதன்பின் என்ன நடந்தது. புள்ளி வைத்து மறைக்காதீர்கள், ‘தகாத வார்த்தை’ என்று பூசி மெழுகாதீர்கள். எழுதக் கூசுகிறது என்பது நியாயமான உணர்வு. ஆனால் வார்த்தை இல்லாத அறிக்கையில், படிப்பவர் தன் மனதில் இருக்கும் வார்த்தையைப் போட்டு நிரப்பிக்கொள்வார். பெண் பேசியது என்றால் கூடுதல் மோசமான ஒன்றைப் போட்டுக்கொள்வார். அறிக்கையை அனுப்பும் முன் ஆண்பால், பெண்பால் சொற்களை மாற்றிப் போட்டு ஒரு முறை வாசியுங்கள். மாற்றியதும் விசித்திரமாகக் கேட்கும் வாக்கியம் எதுவோ அதை அடித்துவிடுங்கள்.

பார்வையாளர் பகுதியில் கதை வேறு மாதிரி. அங்கே பெண்ணைப் பற்றி இரண்டு கற்பனைகள் வெகுகாலமாக நிலவுகின்றன. ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு சுமார் 40 ஆண்டுகள் பெண்கள் ஆண்கள் ஆட்டத்தைப் பார்க்க மைதானத்துக்குள் பொதுவாக அனுமதிக்கப்படவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, ஆண்கள் அங்கே பேசும் ஆபாசம் பெண்கள் காதில் விழக்கூடாது என்பது. பேசியவன் உள்ளே, கேட்கக்கூடாதவள் வெளியே. 2019 அக்டோபர் 10-ஆம் தேதி கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு ஆசாதி மைதானத்தில் சுமார் 3,500 டிக்கெட்டுகள் பெண்களுக்குத் தரப்பட்டன. ஈரான் 14-0 என்று வென்றது.

துருக்கியில் 2011 செப்டம்பர் 20-ஆம் தேதி இதன் மறுபக்கம் நடந்தது. ரசிகர்களின் அத்துமீறலுக்காக ஃபெனர்பாச்சே அணி காலி மைதானத்தில் ஆடவேண்டிய தண்டனை, ஆண்களை மட்டும் வெளியே நிறுத்துவதாக மாற்றப்பட்டது. பெண்களும் 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் 40,000-க்கு மேல் வந்து மைதானத்தை நிறைத்தார்கள். மனிசாஸ்போருடன் 1-1. உற்சாகமான மாலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பெண் என்றால் கூட்டத்தைச் சாந்தப்படுத்தும் மருந்து என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. ஓரிடத்தில் காது தாங்காத பூ, இன்னோரிடத்தில் கூட்டத்தைத் தணிக்கும் தண்ணீர். டிக்கெட் வாங்கி, தன் அணிக்காகத் தொண்டை வற்றக் கத்த வந்த ரசிகை இரண்டு படத்திலும் இல்லை.

சட்டமும் மெதுவாகத்தான் வருகிறது. இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டுக் கால்பந்துக் குற்றச் சட்டம் ஆபாச கோஷத்தையும் இன இழிவு கோஷத்தையும் குற்றம் என்கிறது. 1999-இல் செய்த திருத்தத்தால் ஒருவர் தனியாகக் கத்தினாலும் அது பொருந்தும். பாலின இழிவு என்று அதில் தனியாக இல்லை. ஆபாசம் என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

ஆகவே பாதுகாப்புப் பணியாளர்கள் செய்வதே அன்றைக்கு உதவும். அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றுதான்: புகார் சொன்ன பெண்ணிடம் ‘வேண்டுமானால் உங்களுக்கு வேறு இடம் தருகிறோம்’ என்பது. எழுந்து போகவேண்டியது அவர் அல்ல. முதலில் பகுதி, வரிசை, இருக்கை எண், நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் சொன்னவரைக் கைகாட்டி அடையாளம் காட்டச் சொல்லாதீர்கள். காட்டினால் மீதி ஆட்டம் முழுக்க அவர்தான் குறி. சில நிமிடம் தள்ளி நின்று நீங்களே காதால் கேளுங்கள். பிறகு இரண்டு பேராகப் போய், ‘இங்கே பெண்கள் இருக்கிறார்கள்’ என்று சொல்லாமல், ‘அந்த வார்த்தைக்கு இங்கே அனுமதி இல்லை, மறுபடி கேட்டால் வெளியேற்றுவோம்’ என்று சொல்லுங்கள். சொன்னால் செய்யவும் வேண்டும். வசவு பேசுவது பெண் ரசிகை என்றாலும் இதே வாக்கியம், இதே இரண்டு பேர். சிரிப்பும் வேண்டாம், ‘நீங்களா இப்படி?’ என்ற முகமும் வேண்டாம்.

சிறுவர் ஆட்டங்களில் கோட்டோரம் கத்தும் அப்பாவுக்கு ‘ரொம்ப ஆர்வம்’ என்று பெயர், அம்மாவுக்கு ‘வாயாடி’ என்று பெயர். எச்சரிக்கை அம்மாவுக்கே முதலில் போகிறது. பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு சிறிய வேலை. ‘பொம்பள மாதிரி ஆடாதே’ என்பதில் ஆட்டம் பற்றிய தகவல் எதுவும் இல்லை. அந்தப் பையன் என்ன தவறு செய்தான் என்று யோசித்துச் சொல்லுங்கள்: ‘பந்து வரும்போது பின்வாங்குகிறாய், முழங்காலை மடக்கி, தோளைக் கொடுத்து, பந்துக்கும் அவனுக்கும் நடுவே நில்.’ இதில் அவன் உடனே செய்து பார்க்க மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

நடுவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நோட்டில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: ஆட்டம், ஆண்களா பெண்களா, கேட்ட வார்த்தை, நீங்கள் செய்தது. அட்டை கொடுத்ததை மட்டும் எழுதினால் பயனில்லை, காதில் விழுந்தும் விட்டதையும் எழுதவேண்டும். ஒரு பக்கம் 10 ஆண்கள் ஆட்டம், இன்னொரு பக்கம் 10 பெண்கள் ஆட்டம் சேர்ந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே வார்த்தை இரு பக்கமும் வந்த இடங்களைத் தேடிக் கோடு போடுங்கள். ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். இரவு வரை தள்ளிப்போட்டால், நினைவு முதலில் தொலைப்பது நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டவற்றைத்தான்.