கிரவுன் ஆயிலை கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள்

போன மார்கழியில் குடியாத்தத்திலிருந்து ஒருவர் காட்பாடியில் உள்ள எங்கள் பட்டறைக்குக் காரைக் கொண்டுவந்தார். காலையில் வண்டியை எடுத்தால் இரண்டாவது கியர் விழுவதில்லை. அழுத்தினால் 'கரக்' என்று கடிக்கிறது. வேறொரு இடத்தில் கிளட்ச் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

"கியர் ஆயில் எப்ப மாத்தினீங்க சார்?"

"ஆறு மாசந்தாங்க ஆச்சு. நல்ல கெட்டி ஆயிலாப் பாத்து ஊத்தச் சொன்னேன்."

ஆயிலை வடிக்கிற டிரெயின் பிளக்கைக் கழற்றினோம். அதன் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது எல்லா வண்டியிலும் வருகிற இரும்புத் தூள்தான். தட்டில் விழுந்த ஆயிலை வெயிலில் பிடித்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. பொன்துகள் மாதிரி மினுமினுப்பு, காந்தத்தில் ஒட்டாத பித்தளை. கியர் மாறும்போது பற்களின் வேகத்தைச் சமப்படுத்துகிற சிங்க்ரோ வளையம் தேய்ந்துகொண்டிருந்தது.

ஊற்றியிருந்தது ஜிஎல்-5 ரகம்; கெட்டித்தன்மை எண் 85டபிள்யூ-140. லாரி, வேன்களின் பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பற்சக்கரத்துக்கு உகந்த ஆயில் அது. அங்கே பற்கள் பெரும் பாரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசும். அதனால் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஜிஎல்-4 ரகத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கந்தக, பாஸ்பரஸ் மருந்து அதில் சேர்க்கிறார்கள். எஃகுக்கு அது கவசம். சூடேறினால் அதே கந்தகம் பித்தளையை அரிக்கும். கெட்டித்தன்மை இன்னொரு கேடு: சிங்க்ரோ வளையம் ஆயிலை வழித்துத் தள்ளினால்தான் கியரின் கூம்பு முகத்தைப் பிடிக்க முடியும். குளிர்ந்த காலையில் 140 ஆயில் எளிதில் வழிந்து விலகாது.

நாலைவிட அஞ்சு நல்லதுதானே என்று கடைக்காரர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. அதேபோல, கியர் ஆயிலின் எண்ணை என்ஜின் ஆயில் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். கியர் 90 கிட்டத்தட்ட என்ஜின் 40-இன் கெட்டிதான்.

'வேலூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்' என்பதும் தப்பு. அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டலாம். ஓடுகிற கியர் பாக்ஸுக்குள் அதைவிட அதிகச் சூடு எப்போதும் உண்டு. அதைக் கணக்கிட்டுத்தான் வண்டிப் புத்தகத்தில் ஆயில் போட்டிருக்கிறார்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை அடிக்கடி ஏறுபவர் ஆயிலைச் சீக்கிரம் மாற்றட்டும், ரகத்தை மாற்ற வேண்டாம். சில கார்களுக்கு 75டபிள்யூ-80, சிலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) என்றுகூட இருக்கும். புத்தகம் தொலைந்திருந்தால் சேஸிஸ் எண்ணைச் சொல்லி கம்பெனி சர்வீஸில் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: டிரெயின் பிளக்குக்கு முன்னால் மேலே ஊற்றுகிற பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் வண்டி அப்படியே நிற்கும்.

குடியாத்தம் காருக்கு அதன் புத்தகப்படி ஜிஎல்-4, 75டபிள்யூ-90 ஊற்றினோம். காலையில் இருந்த இறுக்கம் போய்விட்டது. கரகரப்பு போகவில்லை, தேய்ந்த பித்தளை திரும்ப வளராது. அடுத்த மாதம் கியர் பாக்ஸை இறக்கி வளையத்தை மாற்றினோம். கிளட்சைத் தொடவே இல்லை.