ஆளில்லாத ஹெண்டர்சன் தீவும் மூடியில்லாத பாட்டில்களும்

"மனிதர்களே இல்லாத தீவுக்கு நம்மால் என்ன கேடு வந்துவிடும்?" கடலோர உயிரினங்களைப் பற்றிப் பேசப் போகும் இடமெல்லாம் எழும் இக்கேள்வியை, தீவுப் பயணத்துக்கு ஆயத்தமாகும் குழு ஒன்றும் அண்மையில் கேட்டுவிட்டதால், எழுதியே தீர்த்துவிடலாம் என்று தோன்றுகிறது.

தென் பசிபிக்கில், பிட்கேர்ன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஹெண்டர்சன், கடலடியிலிருந்து மேலெழும்பிய பவளத் திட்டு. பரப்பு சுமார் 37 சதுர கிலோமீட்டர். 1988-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. பறக்க இயலாத கருநிறக் கானாங்கோழி உட்பட நான்கு நிலப்பறவை இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லை.

ஆளில்லை என்பதற்கு ஆள் படாதது என்று பொருள் கொள்வதுதான் என்னை எரிச்சலூட்டுகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் பசிபிக் தீவுவாசிகளான பாலினேசியர்கள் அங்கு வாழ்ந்து, பின்னர் போய்விட்டனர்; அவர்கள் படகில் வந்த எலிகள் போகவில்லை. பொரித்த சில நாள்களிலேயே பெட்ரல் கடற்பறவைக் குஞ்சுகளை அவை தின்றுவிடுகின்றன. 2011-இல் ஹெலிகாப்டரிலிருந்து நச்சுத்தீனி தூவியும், தப்பிய சிலவே மீண்டும் பெருகிவிட்டன. ஆள் போய்விட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இன்று மனிதர் இறங்காமலேயே மனிதப் பொருள்கள் கரையேறுகின்றன. 2015-ஆம் ஆண்டின் ஆய்வு, அத்தீவின் கரைகளில் ஏறத்தாழ 3.77 கோடி பிளாஸ்டிக் துண்டுகள், 17.6 டன் எடையில் கிடப்பதாக மதிப்பிட்டது. வாய் மேல்நோக்கிச் சாய்ந்து மணலில் புதைந்திருக்கும் பாட்டிலுக்குள் நுழையும் துறவி நண்டு (காலியான நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் நண்டு), வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் உள்ளேயே மடிகிறது. ஒரு நண்டு இறந்தால் அதன் ஓடு காலியாகிவிடும் என்பதால், அந்த வாடையை மோப்பம் பிடித்து ஓடு தேடும் மற்ற நண்டுகளும் வந்து விழுகின்றன. இப்படி ஹெண்டர்சனில் சுமார் 61,000 நண்டுகள் சிக்கியிருக்கும் என்பது 2019-இல் வெளியான மதிப்பீடு. (நத்தை ஓடுகளை நினைவுப்பொருளாக அள்ளிச் செல்பவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது.)

எனவே, எந்தத் தீவில் இறங்கினாலும் அதற்கு முன் காலணியின் அடிப்புறத்தையும் பையின் மடிப்புகளையும் தட்டி, ஒட்டிய விதைகளை அகற்றுங்கள். உணவு மூட்டைகளைக் கரையிறக்கும் முன் படகிலேயே பிரித்து, எலி இல்லை என்று உறுதி செய்யுங்கள். அறுந்த வலையைக் கடலில் வீசவே வீசாதீர்கள். கரையைத் துப்புரவு செய்பவர்கள், தயவுசெய்து, கையிலெடுத்த ஒவ்வொரு பாட்டிலையும் சாக்கில் போடும் முன் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே உயிரோடு ஒரு நண்டு இருக்கக்கூடும்.