ராஸ்பெர்ரி விதை எண்ணெய்ல கீரை தாளிக்காதீங்க

நான் தருமபுரியில டயட்டீஷியனா இருக்கேன், சுகர், கொலஸ்ட்ரால்னு வர்றவங்கதான் எங்கிட்ட அதிகம். போன வாரம் பாலக்கோட்டுல இருந்து வந்த ஒரு அக்கா பையில இருந்து விரல் உசரத்துக்கு ஒரு குட்டி பாட்டில் எடுத்து டேபிள்ல வெச்சாங்க, ராஸ்பெர்ரி விதை எண்ணெய், பெங்களூர்ல இருக்கிற மகன் ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்பினது. மூடியத் திறந்தா குப்புன்னு சிக்கு வாடை.

"எங்கக்கா வெச்சிருந்தீங்க?"

"அடுப்பு பக்கத்து செல்ஃப்லதான்மா. தெனம் ஒரு ஸ்பூன் ஊத்தி கீரை தாளிக்கிறேன். கொலஸ்ட்ரால் மாத்திரைய கூட நிறுத்திட்டேன்."

எனக்கு பகீர்னு ஆயிடுச்சு.

எண்ணெய் மேல குத்தம் இல்லைங்க. ராஸ்பெர்ரி விதை எண்ணெய்ல பாதிக்கு மேல ஒமேகா 6ங்கற கொழுப்பு, சுமார் 30 சதவீதம் ஆல்ஃபா லினோலெனிக்ங்கற ஒமேகா 3 கொழுப்பு, கூடவே வைட்டமின் ஈ. நம்ம கடலை எண்ணெய், நல்லெண்ணெய்ல அந்த ஒமேகா 3 கிட்டத்தட்ட கிடையாது, அதனாலதான் இதுக்கு இவ்வளவு பேரு. ஆனா அதே ஒமேகா 3 தான் சூடு, வெளிச்சம், காத்து பட்டா முதல்ல கெட்டுப்போறதும், அடுப்பு பக்கத்துல வெச்சு, கடுகு வெடிக்கிற சூட்டுல ஊத்துனா எதுக்காக காசு கொடுத்தோமோ அதுவே போயிடும். வாங்கினா கருப்பு பாட்டில்ல, ஃப்ரிட்ஜ்ல வெச்சு, ஆறின சாப்பாட்டு மேல பச்சையா விடணும். சிக்கு வாடை வந்துட்டா யோசிக்காம கொட்டிடுங்க. முகத்துக்குப் பூசன்னு விக்கிறதும் இதே மாதிரி பாட்டில்லதான் வருது, சாப்பிடற எண்ணெய்தானான்னு பாருங்க, லேபிள்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் இருக்கணும்.

இன்னொரு குழப்பம் திராட்சை விதை எண்ணெய். அதுவும் விதை எண்ணெய்தானே, ஒமேகா 3 இருக்கும்னு வாங்குறாங்க. அதுல 70 சதவீதம் போல ஒமேகா 6, ஒமேகா 3 ஒரு சதவீதம் கூட தேறாது. தெனம் சன்ஃப்ளவர் ஆயில்ல சமைக்கிற வீட்டுக்கு ஒமேகா 6 ஏற்கனவே தாராளமா போயிட்டுதான் இருக்கு.

எந்த எண்ணெயா இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி, பெர்ரி எண்ணெய்னு தனிச் சலுகை எதுவும் இல்ல. கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு இது பதிலும் இல்ல, டாக்டரக் கேக்காம யாரும் நிறுத்தாதீங்க, ப்ளீஸ். அந்த அக்காவ அன்னைக்கே அவங்க டாக்டர்கிட்ட அனுப்பிட்டேன்.

போறப்ப "அப்ப அந்த ஒமேகாவுக்கு என்னம்மா பண்றது?"ன்னாங்க. ஆளி விதைதான் சொன்னேன். ஒரு டேபிள்ஸ்பூன் பொடியில சுமார் 1.6 கிராம் ஒமேகா 3 இருக்கு, அந்த ராஸ்பெர்ரி எண்ணெய் ஒரு டீஸ்பூன்லயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், பொடியில நார்ச்சத்து வேற சேந்து கிடைக்குது. முழுசா முழுங்கினா அப்படியே வெளிய போயிடும், அதனால லேசா வறுத்து, வாரத்துக்கு வேணுங்கற அளவு மட்டும் பொடிச்சு டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கிட்டு, காலையில கேப்பங்கூழ்ல மோர் ஊத்தறப்ப ஒரு ஸ்பூன் கலந்துக்கச் சொன்னேன்.