ஆறின ரயரும் குளிர்ந்த ரயரும்

மருமகன் அண்மையில் சுவிஃப்ட் ஸ்போர்ட் ஒன்று வாங்கினான். ஜப்பானில் ஒருவர் பாவித்த கார். சின்ன உடம்பு, பொல்லாத வேகம். ஒருநாள் விடிய கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், நாலு சில்லுக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறான்.

"காத்தடிக்கப் போறன் மாமா. குளிர வைச்சுத்தான் அடிக்க வேணுமாம், இதில கிடக்கு."

ரயர் வாங்கிய கடையில் கொடுத்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை நீட்டினான். "குளிர் காற்றழுத்தத்தில் மட்டுமே நிரப்பவும்" என்று அச்சடித்திருந்தது. பெடியனில் பிழையில்லை. எழுதினதை நம்பினான், அவ்வளவுதான். இந்தக் 'குளிர் அழுத்தம்' எனக்கு எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டு நாளாச்சு.

அமுக்கமா அழுத்தமா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அமுங்கு–அமுக்கு, அழுந்து–அழுத்து, இரண்டும் நல்ல தமிழ்தான். பள்ளிக்கூடத்தில் வளியமுக்கம் படித்து, மாரியில் வானொலியில் 'தாழமுக்கம்' கேட்டு வளர்ந்தவன், அதனால் அமுக்கம் என்று எழுதுகிறேன். என் சண்டை குளிரோடு.

பொறியியலாளர் ஆங்கிலத்தில் 'கோல்ட்' என்று சொல்லும் 'குளிர்' ரயர் என்றால், மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற ரயர், அல்லது ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடாத ரயர். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணம் 33 பாகையில் கொதிக்கிறபோது நிழலில் நிற்கும் காரின் ரயரும் இந்தக் கணக்கில் குளிர்தான். தொட்டால் சில்லென்று இராது. அதற்கு எந்த மொழிபெயர்ப்பாளர் குளிர் என்று பெயர் வைத்தார்?

தமிழில் இதற்கு ஆயிரம் வருசத்துச் சொல் இருக்கிறது: ஆறுதல். சூடேறியது தன் பாட்டில் சூடு இறங்கி அடங்குவது. சோறு ஆறும், தேத்தண்ணி ஆறும், புண்கூட ஆறும். குளிரச் செய்வதற்கு ஐஸ் வேண்டும், வாளி வேண்டும். ஆறுவதற்கு நேரம் மட்டும் போதும். சுகாதாரப் பகுதியினரின் அறிவித்தல்களில் 'கொதித்தாறிய நீர்' என்று பார்த்திருப்பீர்கள். அதை எழுதினவருக்குத் தமிழ் தெரியும். 'கொதித்துக் குளிர்ந்த நீர்' என்று எழுதியிருந்தால் சனம் குளிர்சாதனப் பெட்டியைத் தேடியிருக்கும்.

ஆகவே ஆறிய அமுக்கம். நண்பர் ஒருவர், தமிழாசிரியர், இதற்கு மறுப்புச் சொன்னார். புது ரயர் ஒருநாளும் சூடாகவில்லையே, அது எப்படி ஆறும்? 'ஓடாநிலை அழுத்தம்' என்று வைப்போம் என்றார். ஓடாநிலை என்றதும் எனக்குக் கராச்சுக்குப் பின்னால் செடி முளைத்துக் கிடக்கிற வான்தான் கண்ணில் வந்தது. கேள்வி நியாயமானதுதான், ஆனால் புது ரயருக்குக் கடைக்காரர்தான் காற்றடிப்பார். இந்தச் சொல் வேண்டியிருப்பது ஓடித் திரிகிற எங்களுக்கு. 'இயல்புநிலை' என்றும் ஒரு கட்சி உண்டு. எது இயல்பு? ரயருக்கு ஓடுவதுதானே இயல்பு? எங்கள் சந்தியில் ஒட்டுப் போடுகிற பெடியன் பாடநூல் எதுவும் பார்க்காமலே, "தூரத்தில இருந்தோ வாறியள் அண்ணை? கொஞ்சம் ஆறட்டும்" என்கிறான்.

சொல் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும். மருமகனின் காரில், சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண்கள் ஆறிய ரயருக்கு உரியவை. கிலோபஸ்காலில் இருந்தால் ஏழால் பிரித்தால் கிட்டத்தட்ட பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அமுக்க அளவு) வரும், 220 என்றால் 32. 30 பாகையில் 32 அடித்த ரயர், ஏ-9 வீதியில் பரந்தன் வரைக்கும் பறந்து 55 பாகைக்கு ஏறினால், உள்ளே காற்று விரிய இடமில்லாமல் 36ஐ நெருங்கும். அதைக் கூடிப்போச்சு என்று 32க்கு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஆறினபிறகு 28தான் மிஞ்சும். அந்தக் காருக்கு 195/45 ரயர். அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 வீதம், அதாவது 88 மில்லிமீற்றர்தான். காற்றுக் குறைந்தால் ஸ்ரியரிங்கைத் திருப்பியும் மூக்கு யோசித்துத்தான் திரும்பும், ஓரம் தேயும். கூட அடித்தால் நடு தேயும், குழியில் விழுந்தால் இடுப்புக்குத் தெரியும். ரயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் அமுக்க எண் உச்ச வரம்பு. அதைப் பார்த்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் யாரோ 'பரிந்துரை' என்று மொழிபெயர்த்திருப்பார்கள்.

பந்தயத் தடத்தில் ஓடுபவர்கள் ஓடி வந்த கையோடு அளப்பது வேறு அளவு. அதைச் சூட்டமுக்கம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

"ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டாமோ" என்று மருமகனுக்குச் சொன்னேன். கார் இரவு முழுக்க நின்றதுதானே, தண்ணீர் எதற்கு? வாளியை வைத்துவிட்டுத் துண்டுப்பிரசுரத்தின் மற்றப் பக்கத்தைத் திருப்பினான். அங்கே, காற்று நிரப்பும் பகுதிக்குத் தலைப்பு, ஆங்கிலத்து 'இன்ஃப்ளேஷன்' என்பதை மொழிபெயர்த்து, 'டயர் பணவீக்கம்'.

"அப்ப இது, மாமா?"

ரயர் நாலுக்கும் அவன் கொடுத்த விலையை யோசித்தேன். இதை மட்டும் திருத்தத் தேவையில்லை என்றேன்.